கீழ்நோக்கியே பார்க்கும் கண்



ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றேன். தமிழாசிரியனுக்கு வேறு வழி தெரியாது. காவல்துறையில் 'ஐ.ஜி.' என்று ஒருவர் இருப்பதைச் சிற்றூர்க் கிழவியும் அறிவாள். அவ் ஈரெழுத்தின் விரிவு 'இன்சுபெக்டர் செனரல்' என்பது. நம் ஆட்சித்துறையார் அதனைக் 'காவல்துறைத் தலைவர்' என்று தமிழாக்கி வைத்துள்ளனர். தலைவராக இருப்பவரைத் தலைவர் என்பதில் பிழையில்லை. ஆயின், இதே ஆங்கிலப் பெயருடன் அமெரிக்கா, ஆத்திரேலியா முதலிய நாடுகளின் படைத்துறையிலும் ஓர் அலுவல் உண்டு. அவ்வலுவலில் அமர்ந்தவர் படைக்குத் தலைவர் அல்லர். படையை நடத்துபவரும் அல்லர். படை முறைப்படி நடக்கின்றதா, படைஞன் சட்டத்துக்கு அடங்கி நிற்கின்றானா, ஆணையிட்டவன் தன் எல்லையைக் கடந்தானா என்று ஆய்ந்து சொல்ல வேண்டியவர். 'செனரல்' என்னும் சொல் ஈண்டுப் படைத்தலைவனைக் குறித்ததன்று. 'முழுமைக்கும் உரிய' என்னும் பொருளது. ஆதலின் இவரைப் படைத்துறைத் தலைமை ஆய்வர் என்போம். இனி 'ஆய்வர்' என்று வாளா கூறுமிடத்தும் இவரையே கொள்க.

சொல்லாராய்ச்சி நிற்க. இவ்வாய்வர் யாருடைய கண்? படைத்தலைவனின் கண்ணா, அப்படைக்குச் சோறிடும் மக்களின் கண்ணா? இது வெறும் ஏட்டு வினா அன்று. வல்வெட்டித்துறையில் வீட்டுக்கு வீடு பிணம் எடுத்த தமிழனுக்கு இது குருதி தோய்ந்த வினா. அங்கே வருமுன் மேலைநாட்டார் வரலாற்றைச் சற்றே பார்த்துவிட்டு வருவோம்.

ஆய்வு என்னும் சொல்லின் பெருமையும் சிறுமையும் பள்ளிக்கூடத்தானுக்கு நன்கு தெரியும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆய்வாளர் வருகின்றார் என்று பத்து நாள் முன்னரே ஓலை வரும். சுவருக்கு வெள்ளை அடிப்பர். கரும்பலகைக்குக் கரி பூசுவர். வருகைப் பதிவேட்டுக்குப் புது அட்டை போடுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளை அன்று மட்டும் வீட்டிலிருக்கச் சொல்லிவிடுவர். ஆய்வாளர் வந்து, தலைமையாசிரியர் அறையில் இளநீர் பருகி, நன்கு படிக்கும் நான்கு பிள்ளைகளை எழுப்பி வினவி, 'நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டுச் செல்வார். அந்த 'நன்று' எழுதப்பட்ட நாளில் ஐந்தாம் வகுப்பின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் கெட்டவர் அல்லர். எதைப் பார்க்க வேண்டும் என்பதை, எவரைப் பார்க்க வந்தாரோ அவரே வரிசைப்படுத்திக் காட்டினார்; அவர் பார்த்தார்; அவ்வளவே. பள்ளியில் இதனால் ஒழுகுவது மழைநீர். படையில் இதே நிலை இருந்தால் என்ன ஒழுகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்கப் படையில் இவ்வலுவல் தோன்றிய வரலாற்றுக்குள்ளேயே நம் வினா புதைந்து கிடக்கின்றது. ஆங்கிலேயரை எதிர்த்து அந்நாட்டார் விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த வேளையில், 1777 திசம்பர் 13-இல், அவர்களின் பேராயம் இவ்வலுவலை ஏற்படுத்திக் கான்வே என்னும் படைத்தலைவரை அதில் அமர்த்தியது. அவர் முதன்மைப் படைத்தலைவரான வாசிங்டனின் ஆள் அல்லர், பேராயத்தின் ஆள். வாசிங்டன் அவரை மனமார ஏற்கவில்லை. கான்வேயும் அப்பழுக்கற்றவர் அல்லர்; வாசிங்டனைக் கீழிறக்க நடந்ததாகச் சொல்லப்பட்ட சூழ்ச்சிக்கு அவர் பெயரையே இட்டு வழங்குகின்றனர். சில திங்களுக்குள் அவர் விலகிப் போனார். 1778-இல் அவ்விடத்துக்கு வந்தவர் செருமானியரான இசுட்டூபன். வேலி போர்ச்சு என்னும் குளிர்காலப் பாசறையில் பசியாலும் நோயாலும் குலைந்து கிடந்த கூட்டத்துக்கு அணிவகுக்கவும் துமுக்கி பிடிக்கவும் கற்றுத் தந்து அதனைப் படையாக்கியவர் அவர். அத்தொண்டை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவர் வாசிங்டனின் கீழ் நின்று வாசிங்டனுக்கு விடை சொன்னவர். பேராயத்தின் கண்ணாகப் பிறந்த அலுவல், ஓராண்டு நிறையுமுன் படைத்தலைவனின் கண்ணாக மாறிவிட்டது. அதற்குப்பின் நெடுங்காலம் அதன் வேலை துமுக்கிகளையும் காலணிகளையும் கணக்குப் பார்ப்பதும், பாசறைத் துப்புரவைக் காண்பதும், படைஞரின் குறைகேட்பதுமாகவே நடந்தது.

அக்கண் ஒருமுறை தன்னை மறந்து உண்மையைப் பார்த்தது. அதனை விரித்துச் சொல்ல வேண்டும்.

1968 மார்ச்சு 16. வியத்துநாமின் குவாங் ஙாய் மாநிலத்தில் சன் மை என்னும் ஊர். அதன் குடியிருப்புகளுள் ஒன்றை அமெரிக்கர் தம் வரைபடத்தில் 'மை லாய்' என்று குறித்திருந்தனர். காலைப்பொழுதில் உலங்கூர்திகளில் வந்திறங்கிய அமெரிக்க அணி அவ்வூருக்குள் புகுந்தது. எதிர்த்துச் சுடப் பகைவர் எவரும் அங்கில்லை. இருந்தவர் முதியோரும் பெண்டிரும் பிள்ளைகளும் கைக்குழந்தைகளுமே. அவர்களை வீட்டு வாயிலில் சுட்டனர், வழியில் சுட்டனர், கூட்டங்கூட்டமாக ஓட்டிச்சென்று நீரோடைப் பள்ளத்தில் தள்ளிச் சுட்டனர். மாண்டவர் தொகை அமெரிக்கப் படையின் கணக்கில் 347. வியத்துநாமியர் தம் நினைவிடத்தில் பொறித்து வைத்திருக்கும் எண் 504.

வானில் பறந்துகொண்டிருந்த இயூ தாம்சன் என்னும் உலங்கூர்தி ஓட்டி இதைக் கண்டான். கண்டவன் கடந்து போகவில்லை. ஊர்மக்களுக்கும் தன் நாட்டுப் படைஞருக்கும் இடையில் ஊர்தியை இறக்கினான். இவர்களைச் சுட முனைந்தால் நம்மவரையே சுடுங்கள் என்று தன் தோழர் இருவரிடமும் சொல்லிவிட்டு, எஞ்சியிருந்த சிலரை மீட்டு வெளியேற்றினான். திரும்பியதும் தன் மேலாளரிடம் முறையிட்டான். பகைவர் நாட்டுப் பிள்ளைக்காகத் தன் படைக்கெதிரே நின்ற அவனை மறவன் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

அம்முறையீடு என்னவாயிற்று? படைப்பிரிவின் தலைவர் எண்டர்சன் என்பவரே உசாவும் பொறுப்பை ஏற்றார். கொலை செய்த அணி அவர் கீழ் இருந்த அணி. அந்நாள் நிகழ்ந்த நடவடிக்கை அவர் கீழ் நிகழ்ந்த நடவடிக்கை. 1968 ஏப்பிரல் 24-ஆம் நாளிட்ட அவர் அறிக்கை, பொதுமக்கள் இருபதின்மர் பீரங்கி வீச்சிலும் இருதரப்புச் சூட்டுக்கு நடுவிலும் அகப்பட்டுத் தவறி இறந்தனர் என்று முடித்தது. 'இருதரப்புச் சூடு' என்னும் இச்சொல்லை மனத்தில் இருத்துங்கள். பின்னர் வேறோர் ஊரில் இதனை மீண்டும் காண்போம். படைத்துறையார் நாளிதழ்களுக்குத் தந்த செய்தியோ, பகைவர் 128 பேர் மாண்டனர், துமுக்கிகள் மூன்று கைப்பற்றப்பட்டன என்பது. நூற்றிருபத்தெட்டு மறவர்க்கு மூன்று துமுக்கி! எண்சுவடி படிக்கும் பிள்ளை இக்கணக்கைக் கண்டு சிரிக்கும். அங்கிருந்த படைத்தலைவர் எவரும் சிரிக்கவில்லை. வியத்துநாமில் தலைமைப் பொறுப்பிலிருந்த வெசுட்டுமோர்லாந்து பாராட்டுச் செய்தி விடுத்தார்.

சிலப்பதிகாரம் படித்த நமக்கு இது புதிதன்று. பாண்டியன் செய்த பிழை யாது? உசாவாமல் கொன்றான் என்று மேலோட்டமாகச் சொல்லுவோம். அதனினும் ஆழமான பிழை ஒன்றுண்டு. சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன் சொல்லையே களவுக்குச் சான்றாகக் கொண்டான் அவன். எண்டர்சனை உசாவச் சொன்ன படையும் அதையே செய்தது.

ஓராண்டு எல்லாம் அமைதி. அதனை உடைத்தவன் மை லாயில் இல்லாத ஒருவன். இரான் இரைடனவர் என்னும் இளைஞன், வியத்துநாமில் பணிசெய்தபோது தன் நண்பர் வாயிலாக அக்கொடுமையைக் கேள்வியுற்றான். ஒருவரை ஒருவர் அறியாத பலரிடம் கேட்டு ஒத்துப்பார்த்தான். பணிமுடிந்து அரிசோனாவிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பியபின், 1969 மார்ச்சு 29-ஆம் நாளிட்டு ஒரு மடல் எழுதினான். அதனைப் படைத்துறைக்கு மட்டும் விடுக்கவில்லை. குடியரசுத் தலைவர், அமைச்சகங்கள், பேராய உறுப்பினர் என ஏறத்தாழ முப்பதின்மர்க்கு விடுத்தான். பேராய உறுப்பினர் உடால் போன்றோர் படைத்துறையை நெருக்கினர். அப்பொழுதுதான், படைத்துறையின் முதன்மைத் தலைவராக உயர்ந்துவிட்டிருந்த அதே வெசுட்டுமோர்லாந்து, ஆய்வர் அலுவலகத்தை ஏவினார்.

அங்கிருந்து வில்லியம் வில்சன் என்னும் அலுவலர் புறப்பட்டார். பழம்படைஞர்; உலகப்போர் கண்டவர். இம்மடல் பொய்யாக இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டே இப்பணியை ஏற்றதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். நாடெங்கும் சுற்றினார். பணிநீங்கித் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் திரும்பிவிட்ட படைஞரைத் தேடித் தேடிக் கண்டார். வாசிங்டனில் ஆய்வர் அலுவலகத்திலேயே சிலரை வரிசையாக நிறுத்தியபோது, சிற்றணித் தலைவன் வில்லியம் கேலியைத் தாம்சன் அடையாளங் காட்டினான். 1969 சூலையில் இந்தியானா மாநிலத்தில் மீட்லோ என்னும் இளைஞனைக் கண்டார் வில்சன். மை லாய்க்கு மறுநாள் கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்தவன் அவன். கூட்டத்தைச் சுட்டவர்களுள் தானும் ஒருவன் என்று வாய்விட்டுச் சொன்னான். வில்சனின் வேண்டுதல் பொய்த்தது. ஆகத்துத் திங்களில் கோப்பு குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குச் சென்றது. செபுதம்பரில் கேலிமேல் கொலைக்குற்றம் சாற்றப்பட்டது. நாளிதழ்கள் இதனை வெளியிட்டு உலகம் துணுக்குற்றது அதற்குப் பின்னர், நவம்பரில்தான்.

வில்சன் குறை வைக்கவில்லை. அவ்வலுவலகம் தன் பெயருக்கு ஏற்ப நடந்த நாள்கள் அவை என்று நான் மனந்திறந்து பாராட்டுகின்றேன். ஆயின் அவரை எழுப்பியது எது? ஆய்வர் அலுவலகம் ஓராண்டு முழுதும் அங்கேயேதான் இருந்தது. தாம்சனின் முறையீடு படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறும்போதே நசுக்கப்பட்டு, அவ்வலுவலகத்தின் வாயிலை எட்டவேயில்லை. வாயிலை எட்டியது வெளியிலிருந்து, பேராயத்தின் கைவழியே வந்த மடல்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பீர்சு என்னும் படைத்தலைவர் நடத்திய தனி உசாவல், மூடிமறைப்பில் பெருந்தலைகள் பலர்க்குப் பங்குண்டு என்று கண்டது. 1970 மார்ச்சில் பதினான்கு அலுவலர்மேல் குற்றஞ்சாற்றினர். அவர்களுள் மூடிமறைப்புக்காக வழக்குமன்றத்தில் நின்றவர் எண்டர்சன் ஒருவரே. அவரும் 1971 திசம்பரில் விடுவிக்கப்பட்டார். பெரும்படைப்பிரிவின் தலைவர் கோசுட்டருக்கு ஒரு படிநிலை குறைந்தது. ஒரு பதக்கம் போயிற்று. இருபத்திருவரைக் கொன்றான் என்று 1971-இல் வாழ்நாள் தண்டம் பெற்றவன் கேலி ஒருவனே. அவனையும் குடியரசுத் தலைவர் நிக்சன் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றினார். 1974-இல் வெளியே வந்துவிட்டான். மூன்றரை ஆண்டு! ஐந்நூற்று நால்வர்க்கு மூன்றரை ஆண்டு!

கண் நன்றாகவே பார்த்தது. ஆயின் கீழே பார்க்கையில் கூர்மையாகவும் மேலே பார்க்கையில் மங்கலாகவும் பார்த்தது. இஃது ஒருவர் குறையன்று, பிறவிக் குறை. ஆய்வர்க்கு ஊதியமும் பதவி உயர்வும் அடுத்த பணியிடமும் எவர் கையில் உள்ளனவோ, அவர் முகத்தை அவர் எங்ஙனம் நேர்கொண்டு பார்ப்பார்?

ஈராக்கில் இது வெட்டவெளிச்சமாயிற்று. அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படைஞர் சிறைப்பட்டோரை ஆடையுரித்துச் செய்த இழிவுகளின் படங்களை 2004-இல் உலகமே கண்டது. தகூபா என்னும் படைத்தலைவர் அதே ஆண்டில் ஆய்ந்து, அங்கே முறைப்பட்டுத் தொடர்ந்து கொடுமை நிகழ்ந்தது என்று எழுதினார். அவர் ஆய்வர் அலுவலகத்தார் அல்லர். ஆய்வர் அலுவலகத்தின் அறிக்கையும் அவ்வாண்டு சூலையில் வந்தது. தொண்ணூற்று நான்கு நிகழ்வுகளை எண்ணிக் காட்டிய அவ்வறிக்கை, இவையெல்லாம் தனியாள்கள் சிலரின் தவறுகள், அமைப்பின் குறைபாடு இல்லை என்று முடித்தது. தொண்ணூற்று நான்கு தனியாள் தவறு! ஓலைக்கூரையில் தொண்ணூற்று நான்கு ஓட்டை கண்டு, கூரை நன்று என்பது போலாம். தகூபா 2007-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுமாறு மேலிடத்தார் சொன்னதை அவரே பின்னர் வெளியிட்டார்.

அமெரிக்கர் இக்குறையை அறியாதவர் அல்லர். 1978-இல் அரசுத் துறைகள் பலவற்றுக்குத் தற்சார்புள்ள ஆய்வர்களை ஏற்படுத்தும் சட்டம் இயற்றினர். படைத்துறை முதலில் தப்பியது. 1982-இல் அதற்கும் ஓர் ஆய்வரை அமர்த்தினர். குடியரசுத் தலைவர் பெயர் முன்மொழிய, மேலவை ஒப்ப வேண்டும். ஆய்வர் பேராயத்துக்கு அறிக்கை தர வேண்டும். நல்ல ஏற்பாடே. ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு பொத்தல்: போர்த்திட்டம், உளவு முதலியவை பற்றிய ஆய்வைப் படைத்துறை அமைச்சர் நிறுத்தலாம், நிறுத்தியதைப் பேராயத்துக்கு அறிவித்தாற் போதும்.

அப்பொத்தலும் போதாதென்று 2025 சனவரி 24 இரவில் குடியரசுத் தலைவர் திரம்பு, ஏறத்தாழப் பதினேழு துறைகளின் ஆய்வர்களை ஒரே வீச்சில் நீக்கினார். படைத்துறை ஆய்வரும் அவர்களுள் ஒருவர். முப்பது நாள் முன்னரே பேராயத்துக்கு விளக்கமான கரணியத்துடன் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், அறிவிக்கவில்லை. அது சட்டத்துக்கு மாறான செயல் என்று அவ்வாண்டு செபுதம்பரில் வழக்குமன்ற நடுவர் ஒருவர் தீர்ப்புரைத்தார். ஆயினும் அவர்களை மீண்டும் அமர்த்த ஆணையிடவில்லை. செபுதம்பர் 30-இல் படைத்துறை அமைச்சர் எக்செத்து படைத்தலைவர்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, ஆய்வர் அலுவலகம் படைக்கருவியாக்கப்பட்டுவிட்டது, பெயர் சொல்லாத முறையீடுகள் இனி இல்லை என்று முழங்கினார். அவ்வலுவலகம் அவ்வேளையில் ஆய்ந்துகொண்டிருந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இரைடனவர் தன் பெயரை இட்டே எழுதினான், உண்மை. ஆனால் அவன் எழுதியபோது சீருடை கழற்றிவிட்டவன். சீருடைக்குள் இருப்பவன் என்ன செய்வான்?

ஆத்திரேலியாவைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். ஆப்கானித்தானில் அந்நாட்டின் சிறப்புப் படைஞர் செய்தவற்றை அவர்கள்தம் படைத்துறைத் தலைமை ஆய்வர் அலுவலகம் 2016 முதல் நான்காண்டு ஆய்ந்தது. முறைமன்ற நடுவரும் படைத்தலைவருமான பிரெரட்டன் இதை நடத்தினார். 2020 நவம்பர் 19-இல் வெளிவந்த அறிக்கை, முப்பத்தொன்பதின்மர் முறையற்றுக் கொல்லப்பட்டமைக்கு நம்பத்தகு செய்தியுண்டு என்றது. போர்க்களத்துக்குப் புதிதாக வந்த இளம்படைஞன் கை பழகுவதற்காகச் சிறைப்பிடித்தவனைச் சுடச் செய்ததும், பிணத்தருகே படைக்கருவியைப் போட்டுவைத்துப் படமெடுத்ததும் அதிலுள்ளன. தன் நாட்டுப் படைபற்றி ஒரு நாடே இவ்வளவு வெளிப்படச் சொன்னது அரிது, பாராட்டுவோம். ஆனால் பழி எங்கே நின்றது? சிற்றணி நடத்தியோர் தலையில் நின்றது. மேலிருந்தோர் அறிந்திருக்கவில்லை என்றது அறிக்கை. முதல் படைஞன்மேல் கொலைக்குற்றம் சாற்றப்பட்டது 2023 மார்ச்சில். அதற்கும் மேலே ஒன்று: படைத்துறை மறைச்செய்திகளைச் செய்தியாளர்க்குத் தந்த படைத்துறை வழக்குரைஞர் மக்பிரைடு என்பார் 2024 மே 14-இல் ஐந்தாண்டு எட்டுத் திங்கள் சிறைத்தண்டம் பெற்றார். ஆப்கானித்தான் கொலைகளையொட்டி அந்நாட்டில் முதன்முதலில் சிறைத்தண்டம் பெற்றவர் கொன்றவர் அல்லர், சொன்னவர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1987 சூலை 29-இன் உடன்பாட்டையொட்டி ஈழத்துக்குச் சென்றது இந்தியப் படை. 'அமைதிப் படை' என்று அதற்குப் பெயர். 1989 ஆகத்து 2-ஆம் நாள் வல்வெட்டித்துறையில் விடுதலைப் புலிகள் தாக்கியதில் இந்தியப் படைஞர் அறுவர் மாண்டனர். அதனை மறைத்துப் பேச வேண்டிய தேவை எனக்கில்லை. அதற்குப்பின் அவ்வூருக்குள் படை புகுந்து செய்தது போரன்று. அறுபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஊர்க் குடிமக்கள் குழுவினர் மாண்டோர் பெயர்களையும் கண்டோர் வாய்மொழிகளையும் ஒன்றுவிடாமல் தொகுத்தனர். இந்தியத் தரப்பார் என்ன விடை சொன்னார்கள் தெரியுமா? இருதரப்புச் சூட்டுக்கு நடுவில் அகப்பட்டு இறந்தனர் என்றார்கள்! எண்டர்சன் 1968-இல் எழுதிய அதே சொல். கடல்கடந்த படைகளுக்குள் மொழி வேறு, சீருடை வேறு. பொய்க்கு மட்டும் ஒரே அகரமுதலி.

இதனை மை லாயோடு ஒப்பிட்டவன் நான் அல்லேன். இந்தியத் தலைவரான சார்ச்சு பெர்னாண்டசு அப்பொழுதே அங்ஙனம் சொன்னார். அவரே 1998 முதல் 2004 வரை, இடையில் சில திங்கள் நீங்கலாக, இந்தியாவின் படைத்துறை அமைச்சராக வீற்றிருந்தார். கோப்பறையின் திறவுகோல் அவர் இடுப்பில் இருந்தது. வல்வெட்டித்துறைக் கோப்பு மக்கள் முன் விரிக்கப்பட்டதா? இல்லை. அவர் ஒருவரைப் பழித்துப் பயனில்லை. அமைச்சர் மாறலாம், தானே எழுந்து ஆயும் தற்சார்புள்ள ஓர் அலுவல் அங்கே இல்லை. மை லாய்க்கு ஓர் இரைடனவர் கிடைத்தான். அவன் மடலை ஏற்க ஒரு பேராயம் இருந்தது. பேராயம் நெருக்கியதும் புறப்பட ஒரு வில்சன் இருந்தார். வல்வெட்டித்துறைக்கு மடல்கள் இருந்தன. வில்சன் இல்லை.

இன்றாவது உண்டா? இந்தியப் படைத்துறையில் ஒழுங்கு பார்க்கும் பிரிவுகளும் உரிமைப் பிரிவும் உண்டு. எல்லாம் தலைமையகத்தின் கூரைக்குக் கீழ். நாடாளுமன்றத்துக்கு நேரே விடை சொல்லும் ஆய்வர் எவருமில்லை. 'தேசிய மனித உரிமை ஆணையம்' என்று தில்லியார் அமைத்த மாந்த உரிமை ஆணையம் இருக்கின்றதே என்பீர்கள். அதனை அமைத்த 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படியுங்கள். படைத்துறையினர்மேல் முறையீடு வந்தால் ஆணையம் தானே ஆயக்கூடாது; நடுவணரசிடம் அறிக்கை கேட்கலாம்; அது தந்ததைப் படித்துவிட்டு, விட்டுவிடலாம் அல்லது பரிந்துரைக்கலாம். பொற்கொல்லனிடமே கேட்டுக்கொள் என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள்! காசுமீரத்துப் பத்திரிபல்லில் 2000 மார்ச்சில் ஐவர் கொல்லப்பட்டனர். நடுவணரசின் புலனாய்வு அமைப்பே அதனைக் கொலை என்று கண்டு 2006-இல் படை அலுவலர்மேல் குற்ற அறிக்கை தந்தது. உச்சமன்றம் 2012-இல், படைமன்றமா பொதுமன்றமா எனத் தேரும் உரிமையைப் படைக்கே விட்டது. படை தானே எடுத்துக்கொண்டு, போதிய சான்றில்லை என்று 2014 சனவரியில் மூடியது.

ஆய்வர் ஒருவரை வெளியிலிருந்து அமர்த்தினால் படையின் கட்டுக்கோப்புக் குலையும், மறவர் ஊக்கம் இழப்பர் என்பார் உளர். செருமனி இதற்கு விடை. இட்டிலரின் படையைக் கண்டு நடுங்கிய அந்நாட்டார், மீண்டும் படை அமைத்தபோது 1956-இல் தம் அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்தனர். அதன்படி நாடாளுமன்றமே படைத்துறைப் பேராளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றது. எந்தப் படைஞனும் தன் மேலாளர் வழியன்றி நேரே அவருக்கு எழுதலாம். எழுதியதற்காக அவனை ஒறுத்தலாகாது. எந்தப் பாசறைக்குள்ளும் எந்நேரமும் முன்னறிவிப்பின்றி அவர் நுழையலாம். பெயரில்லா மடலை அங்கும் எடுப்பதில்லைதான்; ஆனால் பெயரிட்டவனுக்குச் சட்டம் வேலியாக நிற்கின்றது. அறுபதாண்டுக்கு மேலாக இவ்வேற்பாடு நடக்கின்றது. செருமானியப் படை கட்டுக்குலைந்துவிடவில்லை. சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ளவர்க்கு ஒரு செய்தி: அந்நாட்டில் 'தலைமை ஆய்வர்' என்று பொருள்படும் பெயர் படையின் முதன்மைத் தலைவர்க்கே வழங்குகின்றது. உண்மையில் ஆய்பவர் பெயர் வேறு. நம் ஐ.ஜி.யைத் தலைவர் என்றாக்கிய மொழிபெயர்ப்பாளரை இனி நான் அவ்வளவாகக் கடிந்துகொள்ள மாட்டேன்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஒரு பத்துக் குறட்பாக்களை ஒதுக்கினார். பகைவரை மட்டும் அன்று, அரசன் பணிசெய்வாரையும் அவன் சுற்றத்தாரையும் ஆராய்வதே ஒற்று என்றார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கவும் சொன்னார். முடியாட்சிக் காலத்திலேயே, அரசனின் கண்ணையும் இன்னொரு கண்ணால் சரிபார்க்கச் சொன்ன இனம் நாம். குடியாட்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட தில்லி, ஒரே கண்ணை வைத்துக்கொண்டு, அதையும் தன் சட்டைப்பைக்குள் வைத்திருக்கின்றது.

இதழன்பர் சிலர்க்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாளை தமிழர்க்கென்று ஒரு படை அமைந்தாலும் அதற்கும் இவ்வாய்வர் வேண்டும். தமிழன் கையிலுள்ள துமுக்கி அறம் அறிந்தே வெடிக்கும் என்று நான் நம்பவில்லை. நம்மவர் செய்தாலும் கொலை கொலையே. நம்மவர் மூடினாலும் மறைப்பு மறைப்பே. இதனை ஒப்பாதவர் வல்வெட்டித்துறைக்காகக் கேட்கும் முறையில் வலுவிராது.

நாம் கேட்பது இது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும். நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கே விடை சொல்லும் படைத்துறை ஆய்வர் ஒருவர் வேண்டும். அவரை அமைச்சரோ படைத்தலைவரோ நீக்கவும் நிறுத்தவும் கூடாது. படைஞனும் பொதுமகனும் தம் தாய்மொழியில் அவருக்கு நேரே எழுத வழி வேண்டும். வல்வெட்டித்துறைக் கோப்பு, யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அத்தோபரில் நோயாளரும் மருத்துவரும் மாண்ட கோப்பு, இவ்விரண்டுமே அவர் மேசையில் முதலில் வைக்கப்பட வேண்டியவை.

இக்கோரிக்கையை மடலாக எழுதி என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்க்குப் பதிவஞ்சலில் விடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை கையொப்பத்துடன் திரும்பி வந்தது. மறுமொழி இன்னும் வரவில்லை. நீங்களும் உங்கள் உறுப்பினர்க்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், ஒருவர்க்கு மட்டும் எழுதாதீர்கள், இரைடனவர் முப்பதின்மர்க்கு எழுதினான்.